ஃபிலோ அக்கா மாற்றி மாட்டிய படங்கள்

செய்தி வந்தபோது நான் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். காரின் திரையில் செபாஸ்டின் அண்ணாவின் பெயர் வந்தது. அவர் எனக்குப் போன் செய்வதே இல்லை. எதுவானாலும் அவர் மனைவி ஃபிலோ அக்காதான் பேசுவார். பின்னாலிருந்து இவர் திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பார். எடுத்ததும், "கவிதா, டிரைவ் பண்றியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "அடுத்த எக்ஸிட்ல இறங்கி, வண்டிய நிறுத்திட்டுக் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த எக்ஸிட் வருவதற்குள் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கேஸ் ஸ்டேஷன் ஓரமாக நிறுத்தி அழைத்தேன். "காலைல காபி கேட்டா. கொண்டுட்டு வர்றதுக்குள்ள போயிட்டா. ஹார்ட்டுன்னு சொல்றாங்க" என்றார். பிறகு, "நீ மெதுவாவே வா. இனிமே அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

நியூ ஜெர்சியில், எங்கள் மான்மவுத் ஜங்ஷன் தமிழ்க் குடும்பங்களில் ஃபிலோமினாவைத் தெரியாதவர்கள் குறைவு. மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்த் திருப்பலியில் பாடற்குழுவை அதட்டுபவராகச் சிலருக்குத் தெரியும். மருத்துவமனை ஆய்வகத்தில் பல வருடம் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தவராகச் சிலருக்குத் தெரியும். இடையில் இரண்டு வருடம் டெக்சாஸில், கேட்டியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் சேர்த்த படங்கள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் அச்சிட்ட காதல் படங்களும் கல்யாணப் படங்களும். திண்டுக்கல்லில் பிறந்த ஒரு பெண்ணுக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர்கள் கிடையாது.

அந்தப் படங்கள் அவர் கைக்கு வந்த அன்று நான் கூட இருந்தேன். பிரின்ஸ்டன் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில், இருந்த சாமான்களையெல்லாம் விற்கும் எஸ்டேட் சேல். அக்கா சாப்பாட்டு மேஜை பார்க்கப் போயிருந்தார். மேஜையின் கால் ஆடியது. திரும்பும்போது கராஜில், கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு அடியில், ஒரு தட்டையான அட்டைப் பை இருந்தது. உள்ளே எட்டுப் படங்கள். அக்கா கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் குனிந்தார். "இங்க பாரு கவி, இப்ப அச்சடிக்கற படம் மாதிரி புள்ளி வரிசையா இல்ல. கல்லு மேல கொழுப்பு கலந்த சாக்பீஸால வரைஞ்சு, மை தடவி ஒத்தி எடுத்தது. கலர் கையால பூசினது. பாரு, இவ கவுன்ல நீலம் கொஞ்சம் வெளிய வழிஞ்சிருக்கு." லித்தோகிராஃப் என்ற சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பாரிஸில் இவற்றை வரிசை வரிசையாக அச்சடித்து விற்றார்களாம். நடுத்தரக் குடும்பங்கள் வாங்கி வரவேற்பறையில் மாட்டினார்களாம். இதையெல்லாம் அவர் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டு, வண்டியில் போகும்போதெல்லாம் எனக்குச் சொன்னார். அன்று மேஜை வாங்காமல் வீடு திரும்பினோம். செபாஸ்டின் அண்ணா படங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது மேல தட்டு வெச்சு சாப்பிட முடியுமா?" என்று கேட்டார்.

அந்த எட்டுப் படங்களுக்கும் ஒரு குறை இருந்தது. யாரோ பழைய ஃபிரேமுக்குள் அடக்குவதற்காக அடிப்பக்கத்தை வெட்டியிருந்தார்கள். தலைப்பும் போயிருந்தது, வரிசை எண்ணும் போயிருந்தது. மிஞ்சியது படம் மட்டும். நடன விருந்தில் ஒரு பெண்ணை ஆட அழைக்கும் இளைஞன். தோட்டத்துப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் பெண்ணின் காலடியில் முழந்தாளிட்ட இளைஞன். பெண்ணின் தகப்பனாருக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் இளைஞன். அதே படத்தில், கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்கும் பெண். வக்கீல் ஒருவர் கல்யாண ஒப்பந்தத்தைப் படிக்க, குனிந்து கையெழுத்திடும் மணப்பெண். கோயில் வாசலில் வண்டி ஏறும் தம்பதி. ஒரே அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் இருவர். ஒரே குடையில் நடக்கும் இருவர். கடைசியாக ஒரு தொட்டில்.

"நீங்க பாண்டிச்சேரியா?" என்று கேட்பவர்களுக்கு அக்கா ஒரே பதில் வைத்திருந்தார்: "இல்லங்க, ஜப்பான் கார் ஓட்டறேன், நான் ஜப்பானும் இல்ல." படம் பார்க்கவும் அவருக்கு ஒரு வழி இருந்தது. "மூஞ்சிய விடு. யாரு யாரைப் பாக்கறாங்கன்னு பாரு" என்பார். அப்படிப் பார்த்தால் தோட்டத்துப் படத்தில் அந்தப் பெண் முழந்தாளிட்டவனைப் பார்க்கவே இல்லை, தன் நாய்க்குட்டியைப் பார்க்கிறாள். ஒப்பந்தப் படத்தில் மாப்பிள்ளையை யாருமே பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் காகிதத்தின் மேல். "பாத்தியா, அங்கயும் கல்யாணம்னா மொதல்ல பேப்பர்தான்" என்று சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து, பாரிஷ் ஹாலில் வடையும் காபியும் ஓடிக்கொண்டிருந்தபோது, அக்கா அந்தப் படங்களின் கலர் நகல்களை ஒரு நீள மேஜையில் கலைத்துப் போட்டார். "ஒரு கதை. வரிசையா அடுக்குங்க பாப்போம்." அவருக்கு நோக்கம் ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை, பொழுதுபோக்குதான். முதலில் அவருடைய மகள் ஷரனும் அவள் வயதுப் பிள்ளைகளும் வந்தார்கள். நடனம், தோட்டம், தகப்பனார், ஒப்பந்தம், கோயில், குடை, சண்டை, தொட்டில் என்று மளமளவென்று அடுக்கினார்கள். "ஈஸி, அம்மா" என்றாள் ஷரன்.

பிறகு பெரியவர்கள் வந்தார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தகப்பனார் படத்தை எடுத்து முதலில் வைத்தார். "பொண்ணு பாக்க வந்திருக்காங்க." அடுத்து ஒப்பந்தம். அடுத்து கோயில். அடுத்து என்ன என்று அக்கா கேட்டார். "சண்டைதான். வேறென்ன" என்றார் ஸ்டெல்லா ஆன்ட்டியின் கணவர். சண்டைக்குப் பிறகு தொட்டில் வந்தது. அதற்குப் பிறகு குடை. "புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு அப்பதான் சேந்து நடக்கறாங்க." கடைசியில் நடனமும் தோட்டமும் மிச்சம் இருந்தன. நடனத்தைத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா என்று முடிவு செய்தார்கள். தோட்டப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா ஆன்ட்டி கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எனக்கு முட்டில சர்ஜரி முடிஞ்சு வந்தப்போ. இவர்தான் தினம் கீழ உக்காந்து சாக்ஸ் போட்டுவிட்டாரு."

"ஆன்ட்டி, தே ஆர் லைக் ட்வென்டி" என்று ஷரன் கத்தினாள்.

"படத்துல எல்லாரும் சின்ன வயசாத்தான்டி இருப்பாங்க" என்றார் ஆன்ட்டி.

ஹால் முழுக்கச் சிரிப்பு. ஃபிலோ அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த வரிசையை அப்படியே போனில் படம் எடுத்துக்கொண்டார். அடுத்து வேறு மூன்று தம்பதிகளை அடுக்கச் சொன்னார். சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்தனவே தவிர, எல்லாருமே கல்யாணத்தை முன்னால் வைத்தார்கள், காதலைப் பின்னால் வைத்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "லேப்ல எத்தனையோ வருஷமா கேக்கறாங்க கவி, 'ஹவ் டிட் யூ டூ மீட்'னு. நாங்க மீட் பண்ணல, வீட்ல முடிவு பண்ணாங்கன்னு சொன்னா உடனே மூஞ்சி பாவமா ஆயிடும். ஏதோ நான் தப்பிச்சு வந்த மாதிரி. அவங்ககிட்ட கதை இருக்கு, எங்கிட்ட கதை இல்ல. எங்கிட்டயும் எட்டுப் படமும் இருக்குடி. வரிசைதான் வேற."

அப்படித்தான் கண்காட்சி என்ற எண்ணம் வந்தது. எங்கள் ஊர் நூலகத்தின் முன்கூடத்தில் உள்ளூர்க்காரர்கள் படம் மாட்டுவதற்கு ஒரு சுவர் உண்டு. அசல் படங்களைத் தமிழ்க் குடும்பங்கள் அடுக்கிய வரிசையில் மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் அவர்கள் சொன்ன வாக்கியத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைப்பது அக்காவின் திட்டம். அந்தச் சுவருக்குப் பொறுப்பான லின்டா நல்ல பெண்மணி, படம் தெரிந்தவர். படங்களைப் பார்த்து மகிழ்ந்தார். வரிசையைப் பார்த்ததும் தயங்கினார். அந்தக் காலத்துப் படத்தொடர்களில் காதல் முதலில், கல்யாணம் பிறகு; இது தவறான வரிசை, பார்க்க வருபவர்களைக் குழப்பும், வரலாற்றுப் பொருளை இப்படி மாற்றலாமா என்று கேட்டார். சரியான வரிசையில் மாட்டிவிட்டு, தமிழ்க் கருத்துகளை ஒரு பக்கமாகத் தனிப்பலகையில் வைக்கலாம் என்றார். நியாயமாகத்தான் பேசினார். நானே ஏற்றுக்கொண்டிருப்பேன்.

அக்கா ஏற்றுக்கொள்ளவில்லை. "படம் பிரான்ஸோடது, ஒத்துக்கறேன். செவுரு இந்த ஊரோடது. இந்த ஊர்ல நானும் இருக்கேன்" என்றார் என்னிடம். அதையே லின்டாவிடம் ஆங்கிலத்தில் இன்னும் மரியாதையாகச் சொன்னார். தனிப்பலகை என்றால் கண்காட்சியே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வீட்டில் ஷரனும் எதிர்த்தாள். "அம்மா, அரேஞ்ச்ட் மேரேஜுக்கு விளம்பரம் மாதிரி இருக்கும். ஃபோர்ஸ் பண்ணிக் கட்டி வெச்சவங்க எத்தனை பேர் இருக்காங்க, தெரியுமா?" அவள் தமிழில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா தோசையைத் திருப்பிப் போட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் போயிருந்தது.

அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்ப்பார். அன்று நேராக உட்கார்ந்தார். "நீயும் ஒரு வரி எழுதணும்" என்றார். என் கல்யாணம் கரூரில் இரண்டு வீட்டாரும் பேசி நடந்தது; இங்கே வந்து சில வருடங்களில் விவாகரத்தில் முடிந்தது. அதை அவர் அறிவார். "அக்கா, எனக்கு கோயில் படத்துக்கு அப்புறம் எந்தப் படமும் வரலயே. நான் என்ன எழுதறது?" என்றேன். "அதையே எழுது. நல்லா வந்தவங்க கதை மட்டும் மாட்டினா ஷரன் சொல்றது சரியாயிடும்." எழுதிக் கொடுத்தேன். கோயில் வாசல் படத்தின் கீழே, மற்றவர்களின் வரிகளோடு, ஒரு எழுத்துகூட மாற்றாமல் அதை வைத்தார்: "எங்களுக்கு வரிசை இங்கே நின்றுவிட்டது. அடுத்த படத்துக்கு நான் தனியாக நடந்து போனேன்." இத்தனை வருடத்தில் பரிதாபப்படாமல் ஒருவர் எனக்கு ஒரு இடம் ஒதுக்கியது அதுதான் முதல் முறை.

அந்த வரிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு அக்கா திரும்ப லின்டாவிடம் போனார். லின்டா முழுவதையும் படித்தார். என் வரியில் வந்ததும் நிமிர்ந்து, யார் இது என்று கேட்டாராம். "என் ஃபிரண்டு" என்று மட்டும் அக்கா சொன்னார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். வாசலில் ஒரு சின்ன அட்டையில் பிரெஞ்சு வரிசை இருக்கும். சுவரில் நம் வரிசை இருக்கும்.

வரி எழுதித் தராத ஒரே ஆள் செபாஸ்டின் அண்ணா. "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆணி வேணா அடிச்சுத் தர்றேன்" என்றார். அடித்தும் தந்தார். லெவல் வைத்துப் பார்த்து, பொறியாளருக்குரிய ஒழுங்கோடு.

திறப்பு நாளன்று கூடம் நிறைந்துவிட்டது. தமிழர்கள் மட்டுமல்ல, அக்காவின் ஆய்வகத்துக்காரர்கள், ஊர்க்காரர்கள், ஸ்டெல்லா ஆன்ட்டி கொண்டுவந்த சமோசாவுக்காகவே வந்த சிலர். ஆய்வகத்தில் கூட வேலை பார்த்த பெண் ஒருவர் சுவரோரமாக நடந்து கடைசிப் படத்துக்கு வந்தார். அந்த முழந்தாளிட்ட இளைஞன். "இவ்வளவு தாமதமாகவா பெண்ணைக் கேட்கிறான்?" என்று சத்தமாகவே கேட்டுச் சிரித்தார். கேலி இல்லை, புரியாத சிரிப்பு. அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள், ஓரமாகச் சுவரைத் தொட்டுப் படம் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த செபாஸ்டின் அண்ணா திரும்பினார்.

"நான் இவனைவிட லேட்டாக் கேட்டேன்" என்றார் ஆங்கிலத்தில். அவர் பொதுவில் பேசி யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்தின்போது தன்னையும் யாரும் கேட்கவில்லை, ஃபிலோவையும் யாரும் கேட்கவில்லை என்றார். பல வருடம் கழித்து, கேட்டியில் நல்ல வேலை வந்தபோது போகக்கூடாது என்று தான் சொன்னதாகவும், ஃபிலோ கிளம்பிப் போய்விட்டதாகவும் சொன்னார். சிரித்தார்கள். "இங்கே ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்துக் கோயில் கேன்டீனில் சாப்பிட்டேன். நான் கத்தோலிக்கன்." இன்னும் சிரித்தார்கள். பிறகு ஒருநாள் பெட்டியோடு, கேட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹூஸ்டனுக்குப் பிளேன் ஏறினாராம். "கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. நான் ஷூ லேஸ் அவிழ்க்கக் குனிந்தேன். மேலே பார்க்க தைரியம் இல்லை. குனிந்தபடியே கேட்டேன், நான் இங்கே இருக்கலாமா என்று. என் வாழ்க்கையில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது."

ஆய்வகத்துப் பெண் அக்காவைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஷூவை வெளியே விடுங்கள் என்றேன்" என்றார் ஃபிலோ அக்கா.

கைதட்டல் நூலகத்துக்குப் பொருந்தாத அளவுக்கு எழுந்தது. முதலில் தட்டியவர் லின்டா. ஷரன் அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்தக் கதை அன்றுதான் தெரியும். அக்கா வேறு யாரையும் பார்க்கவில்லை. அண்ணாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆய்வகத்துப் பெண்ணின் முகத்தில் பரிதாபம் இல்லை. பொறாமை என்றுகூடச் சொல்லலாம். அக்கா வென்றுவிட்டார்.

இரண்டு வருடம் கழித்துப் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சுவரைப் பற்றித்தான் பேசினார்கள். கேட்டியில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த ஜெஸி, தங்கள் ஊர்க் கம்யூனிட்டி ஹாலில் அந்தப் படங்களை வைக்க ஏற்கெனவே தேதி குறித்திருந்தார். கேன்சல் செய்துவிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "எதுக்கும்மா கேன்சல்? ஆணி நான்தானே அடிக்கணும், நான் இருக்கேன்ல" என்றார் செபாஸ்டின் அண்ணா. அவரோடு நானும் போனேன்.

ஹாலில் முதலில் நகல்களை மேஜையில் போட்டோம். கேட்டிப் பெண்கள் சுற்றி நின்றார்கள். எங்கள் ஊர் வரிசைதான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். தாராபுரத்துக்காரரான சரோஜா என்பவர் வந்தார், தொட்டிலை எடுத்தார், எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார். "இது கடைசில வரணுங்க" என்று ஜெஸி மெல்லச் சொன்னார். "அதெப்படிங்க? நான் தொட்டில்ல கெடக்கறப்பவே எங்க மாமா வந்து, இவ எம் பையனுக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்ப எது ஃபர்ஸ்ட்டு?" என்றார். பக்கத்தில் நின்ற கணவர், "எனக்கு அப்ப நாலு வயசுங்க. மிட்டாய் குடுத்தாங்க, வாங்கிட்டேன்" என்றார்.

செபாஸ்டின் அண்ணா என்னைப் பார்த்தார். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "இந்த ஒண்ண அவ யோசிக்கவே இல்லயேம்மா. இருந்திருந்தா இந்தம்மாவக் கையோட ஜெர்சிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பா." பிறகு அந்த ஊர்க்காரர்கள் பேசி முடிவு செய்யும்வரை சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்த எட்டுப் படங்களும் ஷரனுக்கு உரியவை, அவள் கேட்டிருக்கிறாள். நான் ஃபிலோ அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். யாராவது தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினால், அது எங்கே தொடங்க வேண்டும் என்று நான் இப்போது முடிவு செய்வதில்லை. முன்பு செய்வேன், என் வாழ்க்கைக்கும் சேர்த்து. இப்போது சொல்பவர்களையே முதல் படத்தை எடுக்க விடுகிறேன். அன்று மாலை கேட்டியில் கதவைத் திறந்து கூட்டத்தை உள்ளே விட்டபோது, சுவரில் முதலாவதாகத் தொங்கியது தொட்டில்.